டொராடோவும் பராகுடாவும்: எடுக்கப்படாத வாயு

எழுவான்கரையிலிருந்து ஓர் எரிசக்தி வரலாறு – 9

சென்ற இதழில் திருகோணமலை எண்ணெய்க் குதங்களின் கதையை 2022 ஜனவரி உடன்படிக்கை வரை கொண்டுவந்து நிறுத்தியிருந்தோம். 99 குதங்களில் 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 லங்கா ஐ.ஓ.சி.க்கு, எஞ்சிய 61 இரு தரப்பும் சேர்ந்த கம்பனிக்கு என்று பங்கு பிரிந்தது. வெளியிலிருந்து கப்பலில் வரும் எண்ணெயைச் சேர்த்து வைக்க வெள்ளைக்காரர் கட்டிய குதங்கள் அவை. இந்த இதழில், யாரும் கொண்டுவந்து சேர்க்காமல் இலங்கையின் கடலுக்கடியிலேயே கிடந்த பொருளுக்கு வருவோம்.

2011 ஒக்டோபர் 2 ஆம் திகதி, மன்னார்க் கடலில் வாயு கிடைத்ததாகக் கெய்ர்ன் இந்தியா கம்பனி அறிவித்தது. சிக்யூ என்ற யப்பானியத் துளையிடும் கப்பல் 1,354 மீற்றர் ஆழமான கடலில் நின்று துளைத்தது. 3,000 மீற்றருக்குக் கீழே சுமார் 25 மீற்றர் தடிப்பில் வாயு தங்கியிருந்த பாறை அகப்பட்டது. அந்தக் கிணற்றுக்கு டொராடோ என்று பெயர் வைத்தார்கள். அடுத்த மாதம், 1,509 மீற்றர் ஆழமான இன்னோர் இடத்தில் தோண்டிய பராகுடா கிணறும் வாயுவைக் காட்டியது. இரண்டிலும் பெரும்பங்கு வாயுதான், திரவ எண்ணெய்க்கான அறிகுறி கொஞ்சம்தான். மூன்றாவதாகத் தோண்டிய கிணறு வறண்டுபோயிற்று. 2013 இல் இரண்டாம் சுற்றில் தோண்டிய வல்லாகோ என்ற நான்காவது கிணற்றிலும் ஒன்றுமில்லை.

அந்த அறிவிப்பு எவ்வளவு பெரியது என்று உணர, அதற்கு முந்திய நாற்பது ஆண்டுகளைப் பார்க்க வேண்டும். 1974 இல் சோவியத் உதவியோடு மன்னார்த் தீவின் பேசாலையில் முதற் கிணறு தோண்டப்பட்டது. அங்கே மட்டும் மூன்று கிணறுகள். பிறகு 1976 இல் வெளிநாட்டுக் கம்பனிகள் பாக்கு நீரிணையிலும் நெடுந்தீவுப் பக்கமும் தோண்டின. 1981 இல் பேர்ள், பெட்ரோ என்று இன்னும் இரண்டு. ஆக 7 கிணறுகள், ஒன்றிலும் எடுத்து விற்கும் அளவுக்கு எதுவும் இல்லை. அதற்குள் 1974 இலும் 1976 இலும் இந்தியாவோடு கடல் எல்லை உடன்படிக்கைகள் முடிந்திருந்தன. கச்சதீவைப் பற்றி மட்டுமே நாம் பேசிப் பழகிவிட்ட அந்த உடன்படிக்கைகள்தான், மன்னார் வளைகுடாவில் எந்தத் துண்டு யாருக்கு என்பதையும் தீர்த்து வைத்தன. எல்லை தெளிவில்லாத கடலில் எந்தக் கம்பனியும் கோடிக்கணக்கில் பணத்தை இறக்காது.

அக்கரையில் நடந்தது வேறு. இந்தியாவின் எண்ணெய், இயற்கை வாயு ஆணைக்குழு 1960களிலேயே காவிரிப் படுகையில் தோண்டத் தொடங்கியது. 1985 இல் நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் நரிமணத்தில் எண்ணெய் கிடைத்தது. இராமநாதபுரத்தில் வாயு கிடைத்தது. 2003 முதல் அங்கே வழுதூரில் அந்த வாயுவை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். பாக்கு நீரிணைக்கு அடியால் இந்தப் பக்கமும் நீண்டு கிடப்பது அதே படுகைதான். பாறைக்குள் கிடப்பது எல்லைக் கோட்டை அறியாது. அக்கரையில் விளக்கு எரிந்த காலத்தில் இக்கரையில் யுத்தம் நடந்துகொண்டிருந்தது.

யுத்தத்துக்கும் இந்த வாயுவுக்கும் உள்ள நெருக்கத்தைத் திகதிகளே சொல்லும். 2001 இல் டி.ஜி.எஸ். நோபெக் என்ற நோர்வேக் கம்பனி மன்னார்க் கடலில் நில அதிர்வு ஆய்வு செய்தது. சமாதானப் பேச்சுக்காலமான 2003 இல் பெற்றோலிய வளங்கள் சட்டம் வந்தது. கடலைத் துண்டங்களாகப் பிரித்து 2007 இல் ஏலத்துக்கு விட்டார்கள். 3,000 சதுர கிலோமீற்றர் அளவான ஒரு துண்டத்துக்கான உடன்படிக்கையில் கெய்ர்ன் 2008 ஜூலையில் கையெழுத்திட்டது. அதே மாதத்தில்தான் மன்னார்க் கரையில் விடத்தல்தீவை இராணுவம் பிடித்தது. கரையில் சனம் பெட்டி படுக்கையோடு வன்னிக்குள் ஓடிக்கொண்டிருந்தபோது, அதே கரைக்கு நேரே உள்ள கடலின் அடிநிலம் கொழும்பில் குத்தகைக்குப் போனது. அந்தக் கடலில் தொழில் செய்தவர்களிடம் ஒரு சொல் கேட்டதாக இல்லை. கேட்கக்கூடிய நிலையில் அவர்கள் இருக்கவுமில்லை.

கிடைத்த வாயு ஏன் இன்னும் கரைக்கு வரவில்லை என்ற கேள்விக்கு முன், ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். நமது அடுப்படியில் நிற்கும் சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும். கொஞ்சம் அழுத்தினாலே திரவமாகிவிடும், ஆகவே இரும்புச் சிலிண்டரில் அடைத்து லொறியில் ஏற்றலாம். மன்னாரில் உள்ளது பெரும்பாலும் மீதேன். அழுத்தத்தால் மட்டும் அது திரவமாகாது. குழாயில் கொண்டு போகலாம், அல்லது மறை 162 பாகை செல்சியசுக்குக் குளிராக்கித் திரவமாக்கிக் கப்பலில் ஏற்றலாம். அப்படிக் குளிராக்கும்போது அதன் கன அளவு 600 இல் ஒரு பங்காகச் சுருங்கும். எல். என். ஜி. என்று பத்திரிகைகளில் படிப்பது அதைத்தான். ஆகவே மன்னார் வாயு நேரே ஆரையம்பதி அடுப்படிக்கு வரும் என்று யாராவது மேடையில் சொன்னால் நம்ப வேண்டாம். அது வரக்கூடிய இடங்கள் மின் நிலையமும், உரத் தொழிற்சாலையும், பெரிய ஆலைகளும்.

படுவான்கரையில் வேளாண்மை செய்பவர்களுக்கு இந்தச் சிக்கலைச் சொல்வது எளிது. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை, வாவிக்கு அப்பால் விளைந்த நெல் பாதையில் ஏறித்தான் ஆரையம்பதிப் பக்கம் வர வேண்டும். பாதை ஓடாத நாளில் களத்தில் குவிந்த நெல்லுக்கு வெளியே விலை கிடையாது. வாயுவும் அப்படித்தான். எண்ணெய் கிடைத்தால் ஒரு கப்பலைக் கொண்டுவந்து நிறுத்தி, கொஞ்சமாக இருந்தாலும் ஏற்றி விற்கலாம். வாயுவுக்குக் குழாய் வேண்டும், குழாயின் மறுமுனையில் நாள் தவறாமல் எரிக்கும் ஒருவர் வேண்டும், இருபது வருடத்துக்கு விலை பேசிய ஒப்பந்தம் வேண்டும். மூன்றும் இல்லாவிட்டால் அது கண்டுபிடிக்கப்பட்ட இடத்திலேயே கிடக்கும்.

உலகத்திலேயே பெரிய வாயு வயலின் கதையும் இப்படித்தான் தொடங்கியது. கட்டாரின் வடக்கு வயலை 1971 இல் ஷெல் கம்பனி கண்டுபிடித்தது. எண்ணெயை எதிர்பார்த்தவர்களுக்கு வாயு ஏமாற்றமாக இருந்தது. அதைத் திரவமாக்கி யப்பானுக்கு அனுப்ப இன்னும் இருபத்தைந்து வருடங்கள் பிடித்தன. இன்று நமது ஊர்ப் பிள்ளைகள் வேலைக்குப் போகும் நாட்டின் செல்வத்தில் பெரும்பகுதி அந்த ஒரே வயலிலிருந்து எழுந்தது. ஆனால் டொராடோவும் பராகுடாவும் கட்டார் அல்ல. திரவமாக்கும் ஆலை ஒன்றுக்கே பல நூறு கோடி டொலர் வேண்டும். அதை ஈடுசெய்யும் அளவு வாயு இந்த இரண்டு கிணறுகளிலும் நிரூபிக்கப்படவில்லை. ஏற்றுமதி செய்து டொலர் குவிக்கலாம் என்று தேர்தல் காலத்தில் பேசப்பட்டதெல்லாம் இந்தக் கணக்கைப் பார்க்காமல் பேசியது. மன்னார் வாயுவுக்கு இயல்பான சந்தை இலங்கையேதான்.

சந்தை இருந்ததா? ஒருவகையில் இருந்தது. கெரவலப்பிட்டியில் யுகதனவி என்ற 300 மெகாவாட் மின் நிலையம் 2010 இல் முழுமையாக இயங்கத் தொடங்கியது. வாயுவில் ஓடக்கூடிய வகையில் கட்டப்பட்ட நிலையம், வாயு இல்லாததால் உலை எண்ணெயை எரித்தது. வாயு வரவில்லை என்பதால் நிலையம் எண்ணெயில் ஓடியது, நிலையம் எண்ணெயில் ஓடியதால் வாயு வாங்க யாரும் உறுதி கொடுக்கவில்லை. இதே காலத்தில் அரசாங்கம் தன் முழுப் பலத்தையும் நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தில் போட்டது. 2011 இல் அதன் முதற் பகுதி ஓடத் தொடங்கி, 2014 இல் 900 மெகாவாட் ஆனது. மன்னாரில் வாயு கிடைத்த அதே ஆண்டில் நாடு நிலக்கரி இறக்குமதிக்குத் தன்னைக் கட்டிக்கொண்டது. சம்பூரிலும் இந்தியாவோடு சேர்ந்து நிலக்கரி நிலையம் கட்ட 2011 இல் உடன்பட்டது. மூதூர் கிழக்கிலிருந்து விரட்டப்பட்டு மட்டக்களப்பு முகாம்களில் வந்து கிடந்த மக்களின் காணி அது. 2016 இல் அந்த நிலையம் கைவிடப்பட்டது. அதை அடுத்த இதழில் விரிவாக எழுதுகிறேன்.

2014 இன் பிற்பகுதியில் உலகச் சந்தையில் எண்ணெய் விலை விழத் தொடங்கியது. பீப்பாய் 100 டொலருக்கு மேல் இருந்தது, 2015 தொடக்கத்தில் 50 டொலருக்குக் கீழே போனது. ஆழ்கடலில் கிணறு தோண்டும் செலவை அந்த விலை தாங்காது. கெய்ர்ன் அதற்குள் வேதாந்தாவின் கைக்குப் போயிருந்தது. 2015 இல் அது மன்னாரை விட்டு வெளியேறியது. கம்பனியைக் குறை சொல்வதில் பயனில்லை, லாபம் பார்க்க வந்தவர்கள் லாபம் தெரியாதபோது போனார்கள். வாயுவை யார் வாங்குவார், எந்த விலையில், எந்த வழியாக என்று நான்கு ஆண்டுகளாகச் சொல்ல முடியாமல் இருந்த அரசுகளே இதில் பொறுப்பாளிகள்.

அதற்குப் பிறகு நடந்தது முன்னுக்குப் பின் முரணான கொள்கை. 2020 இல் தேசிய இயற்கை வாயுக் கொள்கை வந்தது. 2021 இல் பழைய சட்டத்தை நீக்கிப் புதிய பெற்றோலிய வளங்கள் சட்டம் வந்தது, அதன்கீழ் பெற்றோலிய அபிவிருத்தி அதிகாரசபை அமைந்தது. காகிதத்தில் இவை நல்ல அடிகள். ஆனால் அதே 2021 செப்ரெம்பரில், யுகதனவியின் 40 வீதப் பங்கை 25 கோடி டொலருக்கு நியூ போர்ட்ரஸ் எனர்ஜி என்ற அமெரிக்கக் கம்பனிக்குக் கொடுத்து, கெரவலப்பிட்டிக் கடலில் மிதக்கும் முனையம் அமைத்து இறக்குமதி வாயு தரும் உரிமையையும் அதற்கே வழங்கும் உடன்படிக்கை கையெழுத்தானது. ஒப்பந்தம் பாராளுமன்றத்துக்கு முன்னால் வைக்கப்படவில்லை. அமைச்சரவைக்குள்ளேயே வாசுதேவ நாணயக்கார, விமல் வீரவன்ச, உதய கம்மன்பில மூவரும் எதிர்த்தார்கள். 2022 மார்ச்சில் வீரவன்சவும் கம்மன்பிலவும் பதவி இழந்தார்கள். அந்த உடன்படிக்கையும் நிறைவேறவில்லை. அங்கேயே கட்டப்பட்ட சோபதனவி என்ற 350 மெகாவாட் நிலையமும் வாயுவுக்காக வடிவமைக்கப்பட்டு டீசலில் ஓடத் தொடங்கியது. கொச்சியிலிருந்து கொள்கலன்களில் திரவ வாயுவைக் கொண்டுவரும் யோசனை இப்போது பேசப்படுகிறது. 2024 டிசம்பரில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க புதுடில்லி போனபோது வெளியான கூட்டறிக்கையிலும் இந்தியா எல். என். ஜி. வழங்குவது பற்றிய வரி இருந்தது. மன்னாரில் வாயு வைத்திருக்கும் நாடு, கொச்சியில் இறக்கிய பிறநாட்டு வாயுவை மறுபடி கப்பலில் ஏற்றி வாங்கப் பார்க்கிறது.

இந்த ஆண்டுகளின் விலையை நமது பக்கம் எப்படிக் கொடுத்தோம் என்பது பழைய செய்தி அல்ல. 2021 ஒக்டோபருக்கு முன் 12.5 கிலோ கேஸ் சிலிண்டர் 1,493 ரூபாய். ஏழு மாதத்தில், 2022 ஏப்ரலில், 4,860 ரூபாய். அதுவும் கிடைத்தால்தான். சிலிண்டர்கள் வெடிக்கத் தொடங்கிய 2021 நவம்பர், டிசம்பரில் கேஸ் அடுப்பை மூட்டவே பயந்தவர்கள், ஏப்ரலில் வெறுஞ் சிலிண்டரைக் கயிற்றில் கட்டி வரிசையில் வைத்துவிட்டு வெயிலில் நின்றார்கள். வீட்டுக்குப் பின்னால் தென்னம்பாளையும் மட்டையும் சிரட்டையும் கிடந்தவர்கள் மூன்று கல்லை வைத்துச் சமைத்தார்கள். வளவில்லாத வாடகை வீட்டுக்காரர்களுக்கு அந்த வழியும் இல்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது.

கடற்றொழிலாளருக்கு அடி பிறகு விழுந்தது. நமது கரைப் படகுகளின் வெளியிணைப்பு இயந்திரங்கள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. 2022 ஓகஸ்டில் ஒரே இரவில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்ந்தது. தாழங்குடாவிலும் கிரான்குளத்திலும் பலர் படகைக் கரையில் கவிழ்த்து வைத்த காலம் அது.

வேளாண்மைக்காரரின் கதை இன்னும் நேரடியாக இயற்கை வாயுவோடு சேர்ந்தது. யூரியா என்பது மீதேனிலிருந்து அமோனியா செய்து, அதிலிருந்து ஆக்கும் உரம். வாயு உள்ள நாடுகள் யூரியாவை மலிவாகச் செய்கின்றன, இல்லாத நாடுகள் டொலர் கொடுத்து வாங்குகின்றன. 2021 மேயில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு நவம்பரில் தடை விலகியபோது, படுவான்கரையில் அந்தப் பெரும்போகப் பயிர் மஞ்சளாகி நின்றது. மன்னார் வாயு அன்று கையில் இருந்திருந்தாலும் அந்தத் தடையின் முட்டாள்தனத்தை அது தடுத்திருக்காது. ஆனால் டொலர் இல்லாததால்தான் அந்த முடிவு இவ்வளவு எளிதாக எடுக்கப்பட்டது என்பதையும் மறக்கக்கூடாது.

வங்காள விரிகுடாவைச் சுற்றியுள்ள இரண்டு நாடுகளிடம் நாம் படிக்க நிறைய உண்டு. மியன்மார் 1990களின் கடைசியிலிருந்து யதானா வயலின் வாயுவைக் குழாய் வழியே தாய்லாந்துக்கு விற்கிறது. 2013 முதல் அராகன் கடலின் வாயு குழாயில் சீனாவின் யுன்னானுக்குப் போகிறது. குழாய் ஓடும் ஊர்களில் சனம் விறகிலும் கரியிலும்தான் சமைத்தது. பணம் இராணுவ ஆட்சியாளரிடம் போனது. பங்களாதேசம் மறுபக்கம் போனது. 2000 ஆம் ஆண்டையொட்டி அமெரிக்கக் கம்பனி யுனொகால் அந்த நாட்டு வாயுவை இந்தியாவுக்குக் குழாயில் ஏற்றுமதி செய்யக் கேட்டபோது மக்கள் எழுந்து நின்றார்கள், திட்டம் நடக்கவில்லை. வாயு நாட்டுக்குள்ளேயே மின்சாரமும் யூரியாவும் ஆனது. ஆனால் புதிய வயல்களைத் தேடுவதைப் பங்களாதேசம் தளர விட்டது, 2018 இல் அதுவும் எல். என். ஜி. இறக்குமதிக்கு வந்தது. ஏற்றுமதியா உள்நாட்டுப் பாவனையா என்ற கேள்வியில் நான் பங்களாதேச மக்களின் பக்கம் நிற்பவன். ஆனால் உள்நாட்டுக்கு என்று சொல்லிவிட்டுத் தோண்டாமல் இருப்பதும் இறக்குமதிக் கம்பனிக்குக் கதவைத் திறந்து விடுவதுதான்.

மன்னாரைப் பற்றி இவ்வளவு எழுதுவதற்குக் காரணம், அடுத்தது நமது கடல் என்பதே. 2016 பெப்ரவரியில் பிரான்சின் டோட்டல் கம்பனியோடு கிழக்குக் கடலில் ஜே.எஸ். 5, ஜே.எஸ். 6 என்ற இரண்டு பெரிய துண்டங்களில் கூட்டு ஆய்வுக்கு இலங்கை கையெழுத்திட்டது. பிறகு நோர்வேயின் ஸ்டாட்ஒயில் கம்பனியும் அதில் சேர்ந்தது. கங்கையும் பிரம்மபுத்திராவும் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டல் வங்காள விரிகுடாவின் தரையில் பல கிலோமீற்றர் தடிப்பில் படிந்திருக்கிறது. அந்த வண்டலின் தடிப்பை அடிப்படையாக வைத்தே, 200 கடல் மைலுக்கு அப்பாலும் கண்டமேடை தனக்குரியது என்று இலங்கை ஐக்கிய நாடுகளின் ஆணைக்குழுவிடம் கோரிக்கை கொடுத்தது. கொடுத்த திகதி 2009 மே 8. முள்ளிவாய்க்காலில் கடைசி நாட்கள் ஓடிக்கொண்டிருந்தன.

கிழக்குக் கடலில் வாயு இருக்கிறதா என்பதைத் துளைத்துப் பார்த்தால்தான் சொல்லலாம். ஆபத்து எப்படி இருக்கும் என்பதற்கு மாதிரி வந்துவிட்டது. 2020 செப்ரெம்பர் 3 ஆம் திகதி, குவைத்திலிருந்து 2,70,000 தொன் மசகு எண்ணெயோடு இந்தியாவின் பாரதீப் துறைமுகத்துக்குப் போன நியூ டயமண்ட் கப்பல் சங்கமன்கண்டிக்கு அப்பால் தீப்பிடித்தது. ஒரு கப்பலாள் இறந்தார். கப்பல் இயந்திரத்தின் எரிபொருள் கொஞ்சம் கடலில் கலந்ததோடு நின்றது, மசகு எண்ணெய் கசியவில்லை. கசிந்திருந்தால் பொத்துவிலிலிருந்து நமது வாவி முகத்துவாரம் வரை இறாலும் நண்டும் கணவாயும் எத்தனை ஆண்டுக்கு இல்லாமல் போயிருக்கும் என்று மீன்பிடி அறிந்த எவரும் கணக்குப் போடலாம்.

இதில் கிழக்கு மாகாணத்துக்கு என்ன உரிமை என்று கேட்பவர்களுக்குச் சட்டம் தரும் பதில் சுருக்கமானது. 13 ஆம் திருத்தத்தின் ஒதுக்கிய நிரலில், அதாவது மத்திய அரசுக்கே உரிய நிரலில், எண்ணெய் வயல்களும் பெற்றோலியமும் வைக்கப்பட்டுள்ளன. மாகாண சபைக்கு அதில் ஒரு வரி அதிகாரமும் இல்லை. அந்தச் சபையும் 2017 இல் கலைந்த பிறகு தேர்தல் காணவில்லை. ஆக, நமது கரைக்கு நேரே ஒரு கப்பல் வந்து துளைத்தால், அதைக் கேள்வி கேட்க நம்மிடம் இருப்பது பாராளுமன்ற உறுப்பினர்கள் மட்டும்தான்.

அவர்களிடம் கேட்க வேண்டியவை இவை. கடற்றுண்டம் எதையும் கம்பனிக்குக் கொடுக்கும் உடன்படிக்கை முழுதாகப் பாராளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும், மூன்று மொழியிலும் வெளிவர வேண்டும். கிடைக்கும் வாயு முதலில் உள்நாட்டு மின்சாரத்துக்கும் உரத்துக்கும் என்று சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும், கொள்கை ஆவணத்தில் எழுதினால் அடுத்த அமைச்சர் மாற்றிவிடுவார். அரசுக்கு வரும் பங்கில் கரையோர மாவட்டங்களுக்கு ஒரு வீதம் வேண்டும். ஆய்வுக் கப்பல் வரும் நாட்களும் கடற்றொழிலாளருக்கான நட்டஈடும் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட வேண்டும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். 1970களில் பேசாலைக் கிணறுகளில் வேலை செய்தவர்களோ, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தில் அக்காலத்தில் பணியாற்றியவர்களோ, கிழக்குக் கடலில் ஆய்வுக் கப்பல்கள் வந்தபோது தொழிலுக்குப் போகாமல் கரையில் நின்ற படகுக்காரர்களோ இருந்தால், உங்கள் நினைவில் உள்ளதையும் கையில் உள்ள பழைய காகிதம், படம் எதையும் எழுதி அனுப்புங்கள். மன்னாரின் அரசாங்க வரலாறு கோப்புகளில் இருக்கிறது, கரையின் வரலாறு உங்களிடம்தான் இருக்கிறது. அடுத்த இதழில் சம்பூர்.